மருந்து பாட்டிலைத் திறக்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

தங்கமீன் அடியில் படுத்துக் கிடக்கிறது, துடுப்பு கிழிந்திருக்கிறது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது என்று யார் கூப்பிட்டாலும், அவர்கள் கேட்பது என்ன மருந்து ஊற்றுவது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது அமோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) எவ்வளவு. "தண்ணி சுத்தமாத்தான் இருக்கு மாமா, அடி வரைக்கும் தெரியுது" என்பாள் என் அக்கா மகள். அடி வரைக்கும் தெரிவதால் ஒன்றும் ஆகிவிடாது. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமே கிடையாது. மீனைக் கொல்லும் அளவுக்குக் கரைந்திருந்தாலும் தண்ணீர் பளிச்சென்றுதான் இருக்கும். பாசி படிந்து பச்சையாகத் தெரியும் தொட்டியில் மீன் கொழுகொழுவென்று வளர்வதும் உண்டு.

குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டில் இரண்டு ஒராண்டா, ஒரு ரியூக்கின், எல்லாம் தங்கமீன் ரகங்கள். நோய் என்று வந்தால் என் புத்தி முதலில் எண்கள் பக்கம்தான் போகும். அதனால் இந்தக் குறிப்பில் மருந்தைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். வீட்டுத் தொட்டியில் தங்கமீனுக்கு வரும் சங்கடங்களில் பெரும்பகுதி தண்ணீரில் தொடங்குகிறது. தண்ணீர் சரியில்லாத தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றினால், ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகிறது. மறுநாள் அமோனியா இன்னும் ஏறுகிறது. மருந்து போட்டும் மீன் செத்துவிட்டது என்பவர்களிடம் விசாரித்தால் பாதிக்கதை இதுவாகத்தான் இருக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

தீவனத்தை நிறுத்துங்கள். நன்றாக வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அது சாப்பிடாமல் விட்ட தீவனம் தொட்டியில் அழுகினால் ஆகும்.

ஏர் பம்ப் இருந்தால் ஓட விடுங்கள், இல்லையென்றால் ஃபில்டரின் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பி வையுங்கள். 20 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் அதிகபட்சம் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்குக் கிட்டே இறங்கிவிடும். வெயில் காலத்தில் மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம். குமிழிகள் தண்ணீருக்குள் ஆக்சிஜனைத் திணிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு மேற்பரப்பு அலையாடுவதால்தான் கிடைக்கிறது.

அப்புறம், தண்ணீரை மாற்றும் முன், சோதனைக்கு ஒரு டம்ளர் தண்ணீரைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பதற்றத்தில் முதலில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுப் பிறகு சோதித்தால், மீனுக்கு என்ன நடந்தது என்பது கடைசி வரை தெரியாமலே போகும்.

சோதனைக்குத் துளி முறைக் கிட் நல்லது. தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் பட்டை முறையும் ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை. ஆனால் பல பட்டைகளில் அமோனியாவே இருக்காது, வாங்கும்போது கவனியுங்கள். பாட்டிலில் காலாவதித் தேதி பாருங்கள். சோதனைக் குழாயைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு தடவை அலசிக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். துளி விடும்போது பாட்டிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள், சாய்த்தால் துளியின் அளவு மாறும். நைட்ரேட் கிட்டின் இரண்டாவது பாட்டிலில் மருந்து அடியில் படிந்து கட்டியாகும் வகையென்றால் அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்க வேண்டும். குலுக்காமல் சோதித்தவருக்கு நைட்ரேட் எப்போதும் குறைவாகவே காட்டும், அவரும் நிம்மதியாகவே இருப்பார். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் பின்னணியில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழே எல்லா நிறமும் கொஞ்சம் மாறித்தான் தெரியும்.

எண்களை எப்படிப் படிப்பது

ஒழுங்காக ஓடும் தொட்டியில் அமோனியா 0, நைட்ரைட் 0. நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே. பிஎச் 7 முதல் 8.4 வரை எங்கே இருந்தாலும் தங்கமீனுக்குச் சம்மதம்தான், நிலையாக இருந்தால் போதும். பிபிஎம் என்பது இங்கே லிட்டருக்கு மில்லிகிராம் என்பதேதான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமோனியா எங்கிருந்து வருகிறது? மீனின் கழிவிலிருந்து என்று சொல்வார்கள். அது ஓரளவுதான். தங்கமீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை நேராகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் கிடக்கும் அழுக்கை எவ்வளவு உறிஞ்சி எடுத்தாலும் இது நிற்காது. எவ்வளவு வரும் என்பதற்கு மீன் பண்ணைகளில் ஒரு கணக்கு உண்டு: 40 சதவீதப் புரதம் உள்ள தீவனம் ஒரு கிராம் போட்டால், அதிலிருந்து சுமார் 35 மி.கி. அமோனியா நைட்ரஜன் தண்ணீருக்கு வரும். ஐம்பது லிட்டர் தொட்டியில் அது 0.7 பிபிஎம். ஒரே ஒரு கிராமுக்கு இவ்வளவு! ஃபில்டர் இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் தங்கமீன் ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. தீவனத்தை ஒரு நாள் எடை போட்டுப் பாருங்கள், கையில் அள்ளும் ஒரு சிட்டிகை எத்தனை கிராம் என்பது உங்களையே ஆச்சரியப்படுத்தும்.

இந்த அமோனியாவை ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டில் ஆபத்து குறைவு, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருகி நிலைகொள்ள நாலிலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். அதற்குள் மீனை விட்டவர்களுக்குத்தான் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சாவு வரும். "முதல் வாரம் ஜோராக இருந்ததே" என்பார்கள். முதல் வாரம் அமோனியா ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கிட்டில் வரும் அமோனியா எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. கிட் காட்டுவது மொத்த அமோனியா. தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், அது மீனை அவ்வளவாகத் தொடுவதில்லை. மற்றொன்று கட்டற்ற அமோனியா. செவுளை எரிப்பது இதுதான். எது எவ்வளவு என்பதை பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூடக் கட்டற்ற அமோனியா இல்லை. பிஎச் 8 என்றால் சுமார் 5 சதவீதம். பிஎச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆக, ஒரே 1 பிபிஎம் ஒரு தொட்டியில் சமாளிக்கக்கூடியது, இன்னொரு தொட்டியில் அவசரம். பிஎச் 8 தாண்டியிருந்தால் 0.5 பிபிஎம் தெரிந்தாலே நான் வாளியைத் தூக்கிவிடுவேன்.

இதே கணக்கில்தான் பழைய தொட்டிகளின் பொறியும் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையை, கிட்டில் கேஎச் என்று வருவதை, தின்றுகொண்டே இருக்கும். 1 மி.கி. அமோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மி.கி. காரத்தன்மை காலி. தண்ணீர் மாற்றாமல், ஆவியானதற்கு மட்டும் ஊற்றிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டிய தொட்டியில் கேஎச் தீர்ந்துபோகும். அதன் பிறகு பிஎச்சைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை, மெல்ல 6.5, 6 என்று இறங்கும். அந்த அமிலத்தில் பாக்டீரியாவும் வேலையைக் குறைத்துவிடும், அமோனியா சேர ஆரம்பிக்கும். ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் எல்லாம் அம்மோனியமாக இருக்கிறது, மீன் ஏதோ சமாளிக்கிறது. இந்த நேரத்தில் யாரோ ஒருவர் அக்கறையோடு வந்து, தொட்டி அழுக்காக இருக்கிறதே என்று முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? மிச்சமிருந்த அம்மோனியம் அங்கேயே கட்டற்ற அமோனியாவாக மாறும். சுத்தம் செய்த அன்று மாலையே மீன் சாகும். "தண்ணி மாத்தினதாலதான் செத்துச்சு" என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது, அதைக் கேட்டவர்கள் அதன் பிறகு தண்ணீரே மாற்றுவதில்லை.

அதனால் பிஎச் 6.5-க்குக் கீழே, அமோனியாவும் கூட என்று வந்தால் பெரிய மாற்றம் வேண்டாம். பத்திலிருந்து பதினைந்து சதவீதம், நாளுக்கு ஒன்றிரண்டு தடவை, அமோனியா இறங்கும் வரை. புதுத் தண்ணீரோடு, அமோனியாவைப் பிடித்து வைக்கும் வகை குளோரின் நீக்கியைத் தொட்டியின் முழு அளவுக்கும் கணக்குப் போட்டு விடுங்கள். கேஎச் ஏற்ற சமையல் சோடா போதும்: 100 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் காரத்தன்மை சுமார் 30 பிபிஎம் ஏறும். ஒரேயடியாகப் போடாதீர்கள், பாதிப் பாதியாக, இடையில் ஒரு நாள் விட்டு. கேஎச் 80 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் பிஎச் பெரும்பாலும் தானாகவே ஒரு இடத்தில் நிற்கும்.

மற்ற எல்லாத் தொட்டிகளிலும், பிஎச் 7-க்கு மேல், அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிகிறது என்றால், பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து. கணக்கு எளிது. பாதி மாற்றினால் எண் பாதியாகும். 2 பிபிஎம் என்றால் 1, மறுபடி பாதி மாற்றினால் 0.5, அடுத்து 0.25. தொட்டிக்குள் நாளுக்கு நாள் புதிதாகவும் உற்பத்தியாகிறது என்பதால், முதல் வாரம் தினமும் சோதித்து, தினமும் மாற்ற வேண்டியிருக்கலாம். சலிப்பான வேலைதான். என் மனைவி இதற்குத் "தண்ணி லாரி டூட்டி" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மாற்றும் தண்ணீர் பற்றி

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் அப்படிப் போகாது. எது கலக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் குளோரின் நீக்கி போட்டுவிடுவதே நல்லது. குளோரமைனை உடைக்கும்போது அதிலிருந்து கொஞ்சம் அமோனியா வெளிவரும் என்பதையும் மனதில் வையுங்கள். மாற்றிய உடனே சோதித்து அமோனியா தெரிந்தால், அது தொட்டியின் தவறாக இல்லாமல் குழாயின் தவறாக இருக்கலாம். குழாய்த் தண்ணீரைத் தனியாக ஒரு தடவை சோதித்து எழுதி வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகமே வராது.

ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் வேறொரு வேடிக்கை. நிலத்தடியில் கரைந்த கரியமில வாயுவோடு வரும் அந்தத் தண்ணீர், பிடித்தவுடன் சோதித்தால் பிஎச் 7 காட்டும். ஒரு நாள் திறந்து வைத்தால் வாயு வெளியேறி 8-க்குப் போய்விடும். எனவே பிடித்தவுடன் வந்த எண்ணை நம்பி மீனை விடாதீர்கள். ஒரு வாளியில் பிடித்து, ஒரு நாள் வைத்து, பிறகு அளந்த எண்தான் உங்கள் தண்ணீரின் உண்மையான பிஎச்.

வெப்பநிலையைக் கையை விட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும், தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழியுங்கள். குழாயடியில் பிடித்துப் பளபளவென்று கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போகும்.

நைட்ரைட் தெரிந்தால் கல் உப்பு

நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை வேலை செய்ய விடாமல் ஆக்கிவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் மீன் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்று மூச்சு வாங்கும், செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாகத் தெரியும். இதற்கு உப்பு நேரடியாக உதவும். உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் அதே வாசலில் போட்டிக்கு நின்று அதை உள்ளே விடாது. லிட்டருக்கு 1 கிராம் போதும், அதற்கு மேல் இந்த வேலைக்குத் தேவையில்லை. எதுவும் கலக்காத கல் உப்பைத் தனி வாளியில் முழுக்கக் கரைத்து, சில மணி நேரத்தில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். மீன் மேலே கட்டியாக விழக் கூடாது, தோல் வெந்துவிடும்.

உப்பு ஆவியாவதில்லை. ஆவியான தண்ணீருக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும், தண்ணீர் மாற்றும்போது மட்டும் எடுத்த அளவுக்கு உப்புச் சேருங்கள். இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி போடுபவர்களின் தொட்டி கொஞ்ச நாளில் கடலாகிவிடும். தொட்டியில் செடி இருந்தால் உப்பு அதைக் கெடுக்கும், மீனை வேறு தொட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நோய் இல்லாத காலத்தில் நிரந்தரமாக உப்புப் போட்டு வைக்கும் பழக்கமும் எனக்கு ஒப்புதல் இல்லை. எதற்கு என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரிவதில்லை.

எந்த மருந்துக்கும் உப்புக்கும் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 60 × 30, தண்ணீர் 31 செ.மீ. நின்றால் 55.8. அடியில் கல் இருந்தால் அதற்குக் கழித்து ஐம்பது என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியின் முழு உயரத்தைப் போட்டுக் கணக்கிட்டால் மருந்து கூடிவிடும்.

மீனைப் பார்த்துப் படிப்பது

எண்கள் எல்லாம் சரியாக வந்துவிட்டன, மீன் மட்டும் சரியில்லை என்றால் இப்போதுதான் மீனிடம் வருகிறோம். ஒரு பொது விதி எனக்கு நன்றாக உதவியிருக்கிறது: எல்லா மீனும் ஒரே நேரத்தில் சுணங்கினால் தண்ணீர், ஒரு மீன் மட்டும் என்றால் அந்த மீன். விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் தொடங்குவதற்கு இது நல்ல இடம்.

விடியற்காலையில் மட்டும் மேலே வந்து மூச்சு வாங்கி, பகலில் சரியாகிவிடுகிறதா? செடியோ பாசியோ நிறைந்த தொட்டியாக இருக்கும். இரவில் அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ராத்திரி ஏர் பம்ப் ஓடட்டும். தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் உடம்பைக் கல்லில் உரசிக்கொண்டு பாய்கிறதா? குளோரினையும் பிஎச் வித்தியாசத்தையும் சந்தேகியுங்கள். தண்ணீர் மாற்றாத நாளிலும் உரசுகிறது என்றால் ஒட்டுண்ணி.

திடீரென்று உடம்பில், துடுப்பு ஓரத்தில் கறுப்புத் திட்டுகள் வந்தால் புதிய நோய் என்று அலற வேண்டாம். அமோனியா எரித்த இடம் ஆறிவரும்போது இப்படிக் கறுக்கும். எரிந்தது முந்தைய வாரம், கறுப்பது இந்த வாரம். தண்ணீரின் இன்றைய எண்கள் சரியென்றால் விட்டுவிடுங்கள், மங்கிவிடும்.

செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் எலும்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், மீன் நன்றாக நீந்திக்கொண்டு இருந்தால், மருந்தைத் தொடாதீர்கள். அது ஆண் மீன். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனுக்கு அங்கே முளைகள் வரும். இதற்கு வெள்ளைப்புள்ளி மருந்து ஊற்றி, பருவமடைந்த மீனைப் படுக்கப் போட்டவர்கள் உண்டு.

உண்மையான வெள்ளைப்புள்ளி நோயில், உப்புத் தூவினது போல வால், முதுகு, கண் ஓரம் என்று எங்கும் சிதறி இருக்கும், நாளுக்கு நாள் கூடும். காரணம் ஒரு செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து வெளியே நீந்தும்போதுதான் சாகும். அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் தாமே சாகும். 25 டிகிரியில் மொத்தச் சுற்றும் ஒரு வாரத்துக்குள் முடியும். 10 டிகிரிப் பக்கம் என்றால் வாரக்கணக்கில் இழுக்கும். இதைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் நீளமும் புரியும்: புள்ளி மறைந்தது என்றால் ஒட்டுண்ணி கீழே இறங்கியிருக்கிறது என்றுதான் பொருள், ஒழிந்தது என்று அல்ல. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம், குளிர்ந்த தண்ணீரென்றால் இன்னும் கூடுதலாக, தொடர வேண்டும்.

நான் உப்பில் தொடங்குவேன். லிட்டருக்கு 3 கிராம், ஒன்றரை இரண்டு நாளில் மூன்று தவணையாக ஏற்றிக்கொண்டு போவது. கூடவே தினமும் அடிமட்டத்தைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுப்பது, ஏனென்றால் கூடுகள் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு மூன்று நாளில் புதுப் புள்ளி வருவது குறையாவிட்டால் மாலகைட் க்ரீன் உள்ள மருந்துக்குப் போகலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் கையில் கிடைக்க விடாதீர்கள், ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கரி மருந்தை உறிஞ்சிவிடும். மருந்து நாட்களிலும் அமோனியாவைத் தினமும் அளந்தாக வேண்டும்.

துடுப்பு ஓரம் வெண்மையாகி அரித்துக்கொண்டு வந்தால் பாக்டீரியா. தொடக்க நிலையில் சுத்தமான தண்ணீரும் உப்பும் மட்டுமே பலமுறை போதும். அரிப்பு உடம்பை நெருங்கினால் தாமதிக்காமல் மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மெல்லிய நூல் போல ஒன்று தோலில் குத்தி நின்றால் நங்கூரப் புழு. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, நுனி இடுக்கியால் அடியில் பிடித்து எடுக்கலாம். ஆனால் முட்டைகள் தண்ணீரில் இருக்கும் என்பதால் எடுத்தால் மட்டும் தீராது, ஒட்டுண்ணி மருந்தும் வேண்டும்.

தலைகீழாக மிதக்கும் மீனைப் பற்றிக் கேள்வி நிறைய வருகிறது, சொல்வதற்கு அவ்வளவு இல்லை. குட்டையாக உருண்டிருக்கும் ரக மீன்களில்தான் இது அதிகம். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது, ஒரேயடியாகப் போட்டதை வைத்திருந்து செரிக்க முடியாது. காற்றுப் பைக்கும் உணவுக் குழாய்க்கும் இணைப்பு வேறு இருக்கிறது. மிதக்கும் தீவனத்தைக் காற்றோடு விழுங்கினால் சில மீன்கள் நிலை தடுமாறும். இரண்டு மூன்று நாள் பட்டினி, பிறகு வேக வைத்துத் தோலுரித்த பட்டாணி கொஞ்சம், அதன் பின் மூழ்கும் தீவனத்தை நனைத்துக் கொடுப்பது. இதில் சரியாகாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் பையின் அமைப்பிலேயே கோளாறு, மருந்தால் மாறாது. சாய்ந்தபடியே நன்றாகச் சாப்பிட்டு நெடுநாள் வாழும் மீன்களும் உண்டு.

உடம்பு ஊதி, மேலிருந்து பார்த்தால் செதில்கள் எல்லாம் தூக்கிக்கொண்டு நின்றால், அது உள்ளுறுப்புகள், முக்கியமாகச் சிறுநீரகம், கைவிட்டதன் அடையாளம். மற்ற மீன்களிடமிருந்து பிரித்து, தண்ணீரைச் சுத்தமாக வைத்து, மருத்துவர் சொல்லும் ஆன்ட்டிபயாட்டிக் முயலலாம். பெரும்பாலும் பிழைக்காது. இதைச் சொல்லாமல் விதவிதமாக பாட்டில் வாங்க வைப்பது நியாயம் இல்லை. தானாக ஆன்ட்டிபயாட்டிக் வாங்கி முழுத் தொட்டியில் கலக்காதீர்கள், ஃபில்டரின் பாக்டீரியாவும் பாக்டீரியாதான். மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தும் அப்படியே. அதைத் தனி வாளியில், தனித் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன்களுக்குக் காசநோய் தரும் கிருமி ஒன்று காயம் வழியே மனிதத் தோலிலும் தொற்றும், ஆற மாதக்கணக்கில் ஆகும்.

தனித் தொட்டி

பெரிய செலவில்லை. முப்பது நாற்பது லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பா, ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். கல், செடி, அலங்காரம் எதுவும் வேண்டாம், வெறும் தளமாக இருந்தால்தான் மீனின் கழிவு எந்த நிறத்தில் வருகிறது என்றுகூடத் தெரியும். நோய் மீனுக்கும் இதுதான், புதிதாக வாங்கும் மீனுக்கும் இதுதான். புது மீனை நாலு வாரம் இதில் வைத்துப் பார்க்காமல் பழைய மீன்களோடு விடாதீர்கள். கடையில் நன்றாகத் தெரிந்தது என்பது ஒரு சாட்சியமே இல்லை. வலை, குழாய், வாளி எல்லாம் இந்தத் தொட்டிக்குத் தனி. ஒரு தொட்டியில் நனைத்த வலையை அடுத்ததில் விடுவதும் மீனையே தூக்கி விடுவதும் ஒட்டுண்ணிக்கு ஒன்றுதான்.

அவசரத்தில் இந்த டப்பாவைத் தயார் செய்யும்போது ஒரு சிக்கல் வரும்: புது ஸ்பாஞ்சில் பாக்டீரியா இருக்காது, நோய் மீன் அமோனியாவிலேயே கிடக்கும். அதற்காகத்தான் பெரிய தொட்டியில் என் வழக்கமான ஃபில்டரோடு கூடவே இன்னொரு சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். தேவைப்படும் அன்று அதைக் கழற்றி, அந்தத் தொட்டித் தண்ணீரையே டப்பாவில் பாதி ஊற்றி, அதில் பொருத்திவிட்டால் முதல் நாளிலிருந்தே வேலை செய்யும். நோய்க்கு மருந்து கலந்த பிறகு அந்த ஸ்பாஞ்சைத் திரும்பப் பெரிய தொட்டிக்குக் கொண்டு போகக் கூடாது. வெந்நீரில் போட்டுப் பிழிந்து, முழுக்கக் காய வைத்து, பிறகு புதிதாக ஓட விடுங்கள். ஒரு மாதம் கழித்து அது மறுபடி தயார்.